கைநாட்டும் கானகமும்

சென்ற ஆண்டு, தவக்காலத்துக்குச் சற்று முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலியின் இறுதி ஆசிக்கு முன் நாம் ஓர் அறிவிப்புச் செய்தோம். நம் பங்கின் மேற்கெல்லையில், மலையிலிருந்து ஓடை இறங்கும் பள்ளத்தாக்கில், புதிதாக ஒரு கல்குவாரி திறக்க முயற்சி நடக்கிறது. அதை எதிர்த்து அனுப்பவேண்டிய விண்ணப்பம் கோயில் வாசலில் மேசைமேல் இருக்கிறது. அனைவரும் கையொப்பமிட்டுச் செல்லுங்கள் என்றோம். அரைமணி நேரத்துக்குள் 300க்கு மேற்பட்ட கையொப்பங்கள் சேர்ந்துவிட்டன. மக்கள் ஆதரவு இத்தனை எளிதில் திரளும் என்று நாம் எண்ணியிருக்கவில்லை. உள்ளூர ஒரு பெருமிதம்கூட எழுந்தது என்பதை மறைப்பானேன்?

வரிசையின் கடைசியில் ஒரு மூதாட்டி வந்தார். எழுதத் தெரியாதவர். மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றியபடி, "இது எதுக்குங்க சாமி?" என்று கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அடுத்த கிளைப்பங்கில் திருப்பலிக்கு நேரமாகிவிட்டது. "நல்ல காரியத்துக்குத்தான் அம்மா" என்றோம். "சாமி சொன்னாச் செரிதானுங்க" என்று அவர் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை நம் உபதேசியார் ஒரு செய்தி சொன்னார். அந்த அம்மாளின் இளைய மகனுக்குப் புதிய குவாரியில் லாரி ஓட்டும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அந்த ஒரு வேலையை நம்பித்தான் வீட்டில் கடன் வாங்கியிருக்கிறார்களாம். தம் மகனுடைய பிழைப்புக்கு எதிராகத் தாமே விரல் பதித்ததை அந்தத் தாய் அறியார். அறியச் செய்யவேண்டியவர் அறியச் செய்யவில்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பள்ளத்தாக்கைக் காப்பது நல்ல காரியம் என்பதில் நமக்கு அன்றும் ஐயமில்லை; இன்றும் இல்லை. ஆனால் நல்ல காரியத்துக்கு ஆள் சேர்க்கும் வழியும் நல்லதாக இருக்கவேண்டாமா? பேச வாயில்லாத ஒரு காட்டுக்காக ஊரைத் திரட்டுகிறோம். திரண்டவர்களின் வாயையும் நாமே அடைத்துவிட்டால், அங்கே பேசுவது யார்?

இக்கேள்வியை மனத்தில் சுமந்தபடி, சில மாதங்கள் கழித்து, பங்கு இளைஞர்கள் சிலரோடு நாம் ஓரிடம் சென்றோம். கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி வழியாக எல்லை கடந்தால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்கிருந்து முக்காலி என்னும் சிற்றூர். முக்காலியில் வனத்துறையினரின் வண்டியில் ஏறி 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போனால் சைரந்திரி. அங்கே உள்ள காட்சிக் கோபுரத்தில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் பச்சை. கீழே குந்திப்புழை ஆறு. சைலண்ட் வேலி, அமைதிப் பள்ளத்தாக்கு என்று உலகம் அறிந்த இடம் இதுதான். நீலகிரியின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இக்காட்டுக்குப் பாண்டவர்களின் வனவாசத்தோடு தொடர்புடைய பெயர்களை மக்கள் இட்டிருக்கிறார்கள். திரௌபதியின் மறுபெயர் சைரந்திரி. ஆற்றுக்குக் குந்தியின் பெயர். சில்வண்டுகளின் இரைச்சல் கேளாததால் ஆங்கிலேயர் இதனை அமைதிப் பள்ளத்தாக்கு என்றனர் என்பது ஒரு விளக்கம். நாம் போன அன்று வண்டுகள் நன்றாகவே இரைந்தன.

நம்மோடு வந்த இளைஞர்களுள் ஒருவன் ஆற்றைப் பார்த்துவிட்டு, "அணை எங்கே சாமி?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் அந்தக் காடு அங்கே நிற்கிறது.

அணை கட்ட ஏற்ற இடம் என்று சைரந்திரியை 1928ஆம் ஆண்டிலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். மலைகளுக்கிடையே ஆறு குறுகிப் பாய்ந்து, பின் சமவெளியை நோக்கிச் சரேலென வீழும் அமைப்பைப் பொறியாளர் எவர் கண்டாலும் மனம் மகிழத்தான் செய்யும். விடுதலைக்குப் பின் கேரள மின்வாரியம் அந்த எண்ணத்தைத் திட்டமாக்கியது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. 120 மெகாவாட் மின்சாரம். பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனம். பின்தங்கிய மலபாருக்குத் தொழிலும் வேலையும். இதற்கு விலையாக 830 ஹெக்டேர் மழைக்காடு நீரில் மூழ்கும்.

இதனை எதிர்த்தவர்களை எண்ணும்போது, ஆதரித்தவர்களைத் தீயவர்களாக எண்ணிவிடக் கூடாது. மலபாரில் அன்று எத்தனையோ வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். மாநிலத்தின் ஏறத்தாழ எல்லா அரசியல் கட்சிகளும், தொழிற்சங்கங்களில் பெரும்பாலானவையும் அணையின் பக்கம் நின்றன. 'குரங்கு பெரிதா, மனிதன் பெரிதா?' என்பதே அன்று எங்கும் எழுந்த ஏளனக் கேள்வி. அக்காட்டில் வாழும் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கைக் குறித்த பேச்சு அது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு சோலைமந்தி. நம் திருநெல்வேலிச் சீமையில் களக்காட்டு மலையை 1976இல் சரணாலயமாக்கியதும் இவ்விலங்கின் பொருட்டே. மரத்துக்கு மரம் தாவி உச்சிகளிலேயே வாழும் இதற்குத் தொடர்ச்சியான காடு வேண்டும். நடுவில் ஓர் ஏரி வந்துவிட்டால் காடு இரண்டாகும். மந்திக் கூட்டமும் இரண்டாகும். பிறகு மெல்ல ஒன்றுமில்லாமல் போகும்.

1976இல் நடுவண் அரசு அமைத்த ஒரு பணிக்குழு இத்திட்டத்தை ஆராய்ந்து, கைவிடுவதே நல்லது என்று கூறியது. ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. கைவிட இயலாதெனில் 17 காப்பு நிபந்தனைகளைப் பின்பற்றுக என்றும் சேர்த்துச் சொல்லியது. அந்த 'இயலாதெனில்' என்ற சொல் போதுமானதாக இருந்தது. நிபந்தனைகளை ஏற்கிறோம் என்று மாநில அரசு 1979இல் ஒரு சட்டமே இயற்றிப் பணியைத் தொடர முனைந்தது. ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியில் பல ஆண்டுகள் அமர்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் மிகப் பழக்கமானது. 'செய்யக் கூடாதுதான் சாமி. ஆனா முடியாமப் போச்சுன்னா...' என்று தொடங்கும் வாக்கியங்கள் பெரும்பாலும் முடிந்துபோன காரியத்தைப் பற்றியவையாகவே இருக்கும்.

இந்நிலையில்தான் மக்களை நோக்கிப் போனவர்கள் வருகிறார்கள். கோழிக்கோட்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எம். கே. பிரசாத் காட்டின் அருமையைத் தாய்மொழியில் எழுதினார். அறிவியலை மலையாளத்தில் மக்களிடம் கொண்டுசெல்ல 1962இல் தொடங்கப்பெற்ற கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அமைப்பு இவ்வழக்கைத் தன் தோளில் ஏற்றது. அதன் உறுப்பினர்களில் பெரும்பகுதியினர் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். ஏற்பதற்கு முன் அவ்வமைப்புக்குள்ளேயே கடும் கருத்து வேறுபாடு இருந்தது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். நம் கோயில் வாசலில் அரைமணி நேரத்தில் திரண்ட ஒருமனப்பாட்டைவிட அந்த வேறுபாடு நேர்மையானது. கவிஞர் சுகதகுமாரி முதலிய எழுத்தாளர்கள் பேனாவோடு வந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலியும், நம் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதனும் காட்டின் சார்பில் கருத்துரைத்தார்கள்.

நாம் இங்கே தங்கிப் பார்க்க விரும்புவது ஒன்றைத்தான். பரிஷத்தைச் சேர்ந்த பொறியாளரும் பொருளியலாரும் உயிரியலாரும் கூடி 1979இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் 'காடு அழகு, குரங்கு பாவம்' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் விளக்கின் அருகே இருந்த பிள்ளையின் கேள்வியைத் தங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். மலபாரின் மின்பற்றாக்குறை உண்மை. அதற்கு இந்த அணை ஒன்றுதான் வழியா? தெற்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வடக்கே கொண்டுவரும் கம்பிவழிகளைச் சீராக்கினால் என்ன? அனல்மின் நிலையம் அமைத்தால் என்ன? வேலைவாய்ப்பு என்கிறீர்களே, அணை கட்டி முடிந்தபின் எத்தனை பேருக்கு வேலை நிலைக்கும்? இவ்வாறு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 'குரங்கா, மனிதனா?' என்ற கேள்வியைக் கேட்டவர்களிடமே திருப்பி, இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாகவேண்டும் என்று உங்களுக்குச் சொன்னவர் யார் என்று வினவினார்கள்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் 'இருவிளைவு நெறி' என்று ஒன்றைக் கற்றோம். ஒரே செயலால் நன்மையும் தீமையும் விளையுமானால் அதனைச் செய்யலாமா என்பதை ஆராயும் நெறி அது. தீமை நோக்கமாக இருக்கக் கூடாது. விளையும் நன்மை தீமைக்கு ஈடுகொடுக்கக் கூடியதாக இருக்கவேண்டும். வேறு வழி இருக்குமாயின் அதையே நாடவேண்டும். பேராசிரியர் மருத்துவமனை, போர்க்களம் என்று எடுத்துக்காட்டுச் சொல்வார். காட்டைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. 830 ஹெக்டேர் என்பது இன்றைய பூங்காப் பரப்பான 89.52 சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 'பத்தில் ஒன்றுதானே?' என்று கேட்டார்கள். ஆனால் அந்த ஒன்று ஆறு ஓடும் பள்ளத்தாக்கின் அடிமடி. சாலை, குடியிருப்பு, பல்லாயிரம் பேருக்கு விறகு என்று அணை தன்னோடு கூட்டிவரும் அனைத்தும் மீதி ஒன்பதையும் தின்னத் தொடங்கும். ஒருவன் உடலில் நெஞ்சு எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்டு அதை எடுத்துவிட முடியுமா?

இனி, பயனைப் பற்றிய கணக்கையே ஒதுக்கி வைப்போம். நாளையே ஒருவர் வந்து, இந்தப் பள்ளத்தாக்கினால் எவருக்கும் ஒரு பயனுமில்லை, மருந்து மூலிகை இல்லை, மழைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மெய்ப்பித்துவிட்டால், அதை அழிக்க நமக்கு உரிமை வந்துவிடுமா? இதுதான் உண்மையில் கடினமான கேள்வி.

யோபு நூலின் இறுதிப் பகுதியில் ஆண்டவர் சூறாவளியினின்று பேசுகிறார். துன்பத்தில் உழலும் யோபுக்கு ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். அவரோ மனிதர் குடியிராத பாலைநிலத்தின்மேல் மழை பெய்விப்பதைப் பற்றிப் பேசுகிறார். மலை ஆடு குட்டி ஈனும் காலத்தையும் காட்டுக் கழுதையின் விடுதலையையும் பேசுகிறார். இளவயதில் இப்பகுதி நமக்கு விளங்கியதில்லை. புண்பட்டவனிடம் காட்டுக் கழுதையைப் பற்றி ஏன் பேசவேண்டும்? வயது ஏற ஏற ஒன்று தோன்றுகிறது. ஆளில்லாத நிலத்தில் விழும் மழை வீண் என்பது நம் கணக்கு. இறைவன் கணக்கில் அது வீண் இல்லை. புனித தாமஸ் அக்குவினாரும் தம் இறையியல் தொகுப்பில் இதையொட்டி ஒன்று கூறுகிறார். இறைவனின் நன்மைத்தனத்தை ஒரே படைப்பு முழுமையாகக் காட்ட இயலாது. ஆகவேதான் படைப்புகள் பலவாகவும் வெவ்வேறாகவும் உள்ளன. ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்கிறது என்பது அவர் கருத்து. அப்படியாயின் ஓர் உயிரினம் அற்றுப்போகும்போது, இறைவனைப் பற்றி அது ஒன்று மட்டுமே சொல்லக்கூடியதாக இருந்த ஏதோ ஒரு சொல் மறைந்துவிடுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இந்த அக்குவினார் கருத்தை நினைவுபடுத்தியிருக்கிறார்.

பள்ளத்தாக்குக்கான போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த அதே 1979ஆம் ஆண்டு நவம்பரில்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அசிசி நகர்ப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். இரண்டுக்கும் ஒரு தொடர்புமில்லை. மன்னார்க்காட்டில் அன்று விவாதித்துக்கொண்டிருந்தவர்களில் எவரும் அதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் நமக்கு அந்த ஒற்றுமை பிடித்திருக்கிறது.

1980 சனவரியில் உயர் நீதிமன்றம் எதிர்ப்பாளர்களின் மனுவைத் தள்ளுபடி செய்தது. காடு போயிற்று என்றே பலர் எண்ணினர். அவ்வாண்டு மீண்டும் பிரதமரான இந்திரா காந்தி பணியை நிறுத்திவைக்கச் செய்து, எம். ஜி. கே. மேனன் தலைமையில் குழு அமைத்தார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது இந்திரா காந்தி உயிரோடு இல்லை. சுட்டுக் கொல்லப்பட்டு இரு வாரங்களாகியிருந்தன. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் மகன் பூங்காவைத் திறந்துவைத்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கடைசியில் முடிவு செய்தது தில்லியில் இருந்த ஓர் அதிகாரம்தானே? மாநிலத்தின் பெரும்பான்மை அணையைக் கேட்டது; சிறுபான்மையினர் சிலர் கத்தினார்கள்; மேலிடம் சிறுபான்மையின் சொல்லைக் கேட்டது. இதை மக்கள் ஆதரவு என்று எப்படிச் சொல்வது? நம் இளைஞர்களில் ஒருவன் இதைத்தான் கேட்டான். கேட்கத் தக்க கேள்விதான். நாம் சொன்ன விடை இது: அந்தச் சிறுபான்மையினர் அன்றோடு பேச்சை நிறுத்தவில்லை. 1980இலிருந்து பாட்டும் நாடகமுமாக அறிவியல் கலைப்பயணங்கள் கேரளத்தின் தெருக்களில் நடந்தன. மேலிடத்தின் ஆணை காட்டைச் சில ஆண்டுகள் காத்திருக்கும். குந்திப்புழையின் கீழ்ப்பகுதியில் பாத்திரக்கடவு என்னுமிடத்தில் அணை கட்டும் திட்டம் 2000க்குப் பின் மீண்டும் தலையெடுத்தபோது ஆணையிட்ட தாயும் இல்லை, திறந்த மகனும் இல்லை. எதிர்க்க அப்போது மக்கள் இருந்தார்கள். 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்பு வளையம் ஏற்படுத்தப்பட்டது. முன்பு ஏளனம் செய்தவர்களின் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் பெருமையோடு படிக்கும் பெயராகிவிட்டது அது. விளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 மே மாதம் கேரளம் முழுமையாக மின்னிணைப்புப் பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பள்ளத்தாக்கை மூழ்கடிக்காமலே விளக்கு எரிந்தது. ஆனால் நடுவில் காத்திருந்த ஆண்டுகளில் இருட்டில் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை.

அதே வண்டியில் முக்காலிக்குத் திரும்பி அட்டப்பாடி வழியாக இறங்கும்போது மற்றொன்றும் கண்ணில் பட்டது. அட்டப்பாடி இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரின் தாயகம். கீழேயிருந்து கேரளத்தாரும் தமிழகத்தாரும் வந்து குடியேறக் குடியேற, சில பத்தாண்டுகளில் அவர்கள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையினர் ஆனார்கள்; மலைகள் மொட்டையாயின. உலகமே கூடிக் காத்த பள்ளத்தாக்குக்கு அடுத்த பள்ளத்தாக்கு இது. 2013இல் இங்கேதான் ஊட்டச்சத்துக் குறைவால் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. காட்டைக் காத்ததால் குழந்தைகள் இறந்தன என்று சொல்வது பொய். ஆனால் சோலைமந்திக்குக் கிடைத்த வழக்கறிஞர்கள் எத்தனை பேர், இக்குழந்தைகளுக்குக் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல் அந்தச் சாலையைக் கடக்க முடியவில்லை. இளைஞர்கள் வண்டியில் பாடிக்கொண்டுதான் வந்தார்கள். அந்நேரம் அதை அவர்களிடம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மக்களைத் திரட்டுவது எதிர்த்திசையிலும் நடக்கும். கத்தோலிக்கராகிய நமக்கு அது தெரிந்த கதை. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. 2012 மே மாதம்வரை அது பொதுமக்கள் கண்ணில் படவில்லை. வந்தபோதும் ஆங்கிலத்தில் வந்தது. ஊராட்சிகளையும் கிராம சபைகளையும் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும் என்று வலியுறுத்திய அறிக்கை, அந்தக் கிராம சபைகளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது! அதைத் தொடர்ந்து கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை. வீட்டை இடிப்பார்கள், மாட்டை வளர்க்க விடமாட்டார்கள், நிலத்தைப் பிடுங்குவார்கள் என்று வதந்திகள் அறிக்கைகளை முந்திக்கொண்டு மலையேறின. 2013இல் இடுக்கி மலைப்பகுதியில் குடியேற்ற விவசாயிகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள். முன்னணியில் குருக்கள் நின்றார்கள்.

அவர்களைக் குறைகூறுவது எளிது. குறைகூற நமக்குத் தகுதி இல்லை. காட்டு யானையோடும் மலைக்காய்ச்சலோடும் போராடி நிலம் திருத்திய குடும்பங்களின் அச்சம் பொய்யான அச்சம் இல்லை. மேய்ப்பன் ஆட்டின் பக்கம் நிற்கத்தான் வேண்டும். நம்மை வருத்துவது வேறு. 'சாமி சொன்னாச் செரி' என்று அங்கே எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்களோ! அதே சொல்லில்தான் இங்கே நம் விண்ணப்பத்தில் விரல் பதிந்தது. அவர்கள் மலைக்கு எதிராக, நாம் மலைக்கு ஆதரவாக. திரட்டிய முறையில் வேற்றுமை ஏது? வேறொரு பங்குத்தந்தை நமக்குப்பின் வந்து, குவாரி நல்லது என்று மறையுரையாற்றினால், அதே 300 கையொப்பங்கள் அதே மேசையில் அவருக்கும் கிடைக்கும். திட்டங்களைப் பற்றிய கலந்துரையாடலில் அவ்விடத்து மக்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் கூறுவதை நாமே மறையுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறோம். எடுத்துக்காட்டிய வாயால்தான் 'நல்ல காரியத்துக்குத்தான் அம்மா' என்று சொல்லியனுப்பினோம்.

விண்ணப்பத்தை நாம் அப்போது அனுப்பவில்லை. தவக்காலம் முழுவதும் ஒவ்வோர் அன்பியக் கூட்டத்துக்கும் அதைக் கொண்டுபோனோம். ஓடை எங்கே பிறக்கிறது, எந்தெந்தக் கிணற்றுக்கு ஊற்றாகிறது, வெடி வைத்தால் என்ன ஆகும், குவாரி வந்தால் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஆண்டுக்கு வேலை என்று நமக்குத் தெரிந்ததை எல்லாம் இரு பக்கமும் சொன்னோம். குவாரியில் வேலை செய்பவர்களையும் பேசச் சொன்னோம். அவர்கள் பேசியதைக் கேட்டபோது, நம் மறையுரைகளில் இதுவரை அவர்கள் இடம்பெறாமலே போனது உறைத்தது. பிறகு புதிய தாளில் மீண்டும் கையொப்பம் கேட்டோம். பாதிக்கும் குறைவானவர்களே இட்டார்கள். உபதேசியாருக்குப் பெரும் வருத்தம். "சும்மா இருந்த தாளை அனுப்பியிருக்கலாமுங்க சாமி" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கையொப்பமிட்டவர்களில் சிலர் நாம் கேட்காமலே தாளின் ஓரத்தில் தங்கள் வரியையும் எழுதியிருந்தார்கள். ஒருவர், தம் தந்தை அந்த ஓடையில் மீன் பிடித்ததை எழுதியிருந்தார். இன்னொருவர், குவாரிக்காரர்களுக்கு மாற்று வேலை கேட்டு இன்னொரு விண்ணப்பமும் எழுதவேண்டும், அதற்கும் கையொப்பமிடுவேன் என்று எழுதியிருந்தார். அந்த இரண்டாவது விண்ணப்பமும் முதலாவதோடு சேர்ந்தே போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

அந்த மூதாட்டியின் வீட்டுக்குத் தனியே போனோம். அவர் கைநாட்டு வைத்த பழைய தாளை அவர் கையிலேயே கொடுத்து, அது எதற்கானது என்பதையும், அவர் மகன் வேலையைப் பற்றி நாம் அறியாமல் கேட்டுவிட்டதையும் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. அது நமக்கு இன்னும் கடினமாக இருந்தது. சிறுமியாக இருந்தபோது அந்தப் பள்ளத்தில் விறகு பொறுக்கியதையும், பெரிய மழைக்கு ஓடை தாண்ட முடியாமல் ஒரு பகல் முழுதும் அக்கரையில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்தார். புதிய தாளையும் மைப்பெட்டியையும் நாம் வெளியே எடுக்கவில்லை.

"அந்தப் புதுத் தாளையும் வச்சுட்டுப் போங்க சாமி" என்றார். "பெரியவன் வந்தா முழுசாப் படிச்சுக் காட்டச் சொல்றேனுங்க. சின்னவனையும் பக்கத்துல உட்கார வச்சுக்கிறேன்."

தாள் அவர் வீட்டில் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகியபடி இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பெரியவன் வந்துபோனான் என்று கேள்விப்பட்டோம். நாம் இன்னும் போய்க் கேட்கவில்லை.